மரியாதை சொன்ன கதவு

ஹைட்டி நாட்டின் தெற்கு மலைகளில் பெல்ரோஷ் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று “மதிப்பு!” என்று குரல் கொடுப்பார்கள், உள்ளே இருப்பவர் “மரியாதை!” என்று பதில் சொல்வார், அந்தப் பதில் வந்த பிறகுதான் தலைச்சுமையை இறக்குவார்கள், பதில் வரும்வரை மழை கொட்டினாலும் சரி, நாய் வந்து காலை முகர்ந்தாலும் சரி, படியில் கால் வைக்கமாட்டார்கள். இந்த ஊரில்தான், பெரும்புயல் வந்து போனதற்கு அடுத்த பருவத்தில், ஆளில்லாத நேரத்தில் ஒரு வீடு பதில் சொல்லத் தொடங்கியது.

முதலில் கேட்டவள் லூமேன். மலையில் விளையும் துவரையையும் வெண்ணெய்ப்பழத்தையும் தலையில் சுமந்து இறங்கி, துறைமுக நகரத்துச் சந்தையில் விற்று, அங்கிருந்து சோப்பும் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் வாங்கி வருகிற வியாபாரி அவள். அன்றைக்குக் கூடையோடு கெர்தாவின் வீட்டு வாசலில் நின்று “மதிப்பு!” என்றாள். “மரியாதை!” என்று உள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது. லூமேன் கூடையை இறக்கினாள், உள்ளே போனாள், யாரையும் காணோம். பதில் சொன்ன ஆள் எங்கேயாவது பின்பக்கம் போயிருப்பாள், வரட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து, சேலை மடிப்பைப்போல் மடித்துக் கட்டிய தலைத்துணியை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் வந்தது கெர்தாதான், வயலிலிருந்து, இடுப்பில் கைக்குழந்தையோடு.

“உன் மக எப்போ வந்தா?” என்று கேட்டாள் லூமேன்.

“எந்த மக?”

“உனக்கு எத்தனை மக இருக்கா? விட்லீன்தான். இப்பத்தானே எனக்கு மரியாதை சொன்னா.”

“அவ டவுன்ல இருக்கா, அக்கா.”

இருவரும் வெளியே வந்தார்கள். லூமேன் கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு, ஏனென்றால் எதையும் முறைப்படி செய்கிறவள் அவள், “மதிப்பு!” என்று கூப்பிட்டாள். “மரியாதை!” என்றது வீடு.

கெர்தா குழந்தையைக் கீழே விட்டாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, “சளி இல்லை. போகும்போது மூக்கடைப்பு இருந்தது. சரியாயிடுச்சு போலிருக்கு” என்றாள்.

விட்லீன் போன கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். புயல் கெர்தாவின் சோளத்தையும், வீட்டுக் கூரையில் பாதியையும், கட்டியிருந்த ஆட்டையும் கொண்டுபோனது. அவள் கணவன் எல்லை தாண்டிக் கரும்பு வெட்டப் போனவன், அவனிடமிருந்து சேதி இல்லை. அப்போது நகரத்திலிருந்து சேறு படாத காலணி போட்ட ஒரு பெண்மணி வந்து, தூரத்து உறவு சொல்லி, பெரியவளை நான் கூட்டிப்போகிறேன், என் கூடவே இருக்கட்டும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன் என்றாள். அந்த நாட்டில் இப்படிப் போகிற பிள்ளைகளுக்குக் ‘கூட இருக்கிற பிள்ளை’ என்றே பெயர். எங்கே படுத்துக்கொண்டு, எதைச் சாப்பிட்டுக்கொண்டு, எத்தனை மணிக்கு எழுந்துகொண்டு கூட இருக்கவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெயரில் இல்லை. ஊரில் முன்பும் பிள்ளைகள் இப்படிப் போயிருக்கிறார்கள், கெர்தாவும் ஒன்பது வயது மகளின் தலையைப் பின்னிவிட்டு அனுப்பினாள். புறப்படும்போது விட்லீன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள், கீழே சாலையில் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான், போய்விட்டாள். குரலை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறாள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது, தோன்றியதும் பெல்ரோஷ் அதை ஏற்றுக்கொண்டது, மலை மூடுபனியை ஏற்றுக்கொள்வதுபோல. மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கீழ்ப்பக்கத்துக் குடும்பங்கள் வந்தன, மேல்பக்கத்துக் குடும்பங்கள் வந்தன, வழக்கமாக யார் வீட்டுக்கும் போகாத எக்ஸிலுஸ்கூட வந்தார். அவர்தான் ஊரின் முரசுக்காரர். எல்லாரும் சேர்ந்து ஒருவர் வயலைக் கொத்துகிற கூட்டு வேலை நாட்களில் முரசடித்து வேலையை நடத்துகிறவர், அதனால் வழக்கு வம்புகளிலும் அவர் சொல்வதே முடிவு. அவர் தொப்பியைக் கழற்றி “மதிப்பு” என்றார், பதில் வந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “விட்லீன்தான். சந்தேகமில்லை” என்றார்.

ஃபனோருக்கு அது போதவில்லை. எதையும் கிண்டலாக்காமல் விடாத ஆள் அவன். வீட்டுக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டான், பதில் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்துக் கூப்பிட்டான், பதில் இல்லை. கதவுக்கு எதிரே வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பாதிரியார் மாதிரி இழுத்து, “ம...திப்...பு” என்றான்.

“மரியாதை, ஃபனோர் மாமா” என்றது கதவு.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கோழிகள் பறந்தன. குரல் வீட்டில் இல்லை, கதவில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதைவிட முக்கியமாக, மரியாதைக்கு மேலும் அதனால் பேச முடியும் என்பதும் தெரிந்தது.

பிறகு நடைமுறைச் சிக்கல்கள் வந்தன. கதவு பதில் சொல்லிவிட்டால் விருந்தாளி உள்ளே போகலாமா? போகலாம் என்றார் எக்ஸிலுஸ். போனால் காப்பி யார் தருவது? காப்பி எதிர்பார்க்கக்கூடாது, ஆனால் ஒரு குடம் தண்ணீரும் குவளையும் கெர்தா வாசல் பக்கம் வைத்துவிடவேண்டும். பதில் சொன்ன ஆளுக்கு முகமன் எப்படிச் சொல்வது? கதவின் நடுப்பலகையைப் பார்த்துச் சொல்லலாம். இப்படி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டார்கள். சில நாட்களில் பாதையில் போகிற குழந்தைகள்கூட நின்று மதிப்புச் சொல்லிவிட்டு, பதில் வாங்கிக்கொண்டு, திருப்தியாக ஓடின. கெர்தாவின் கைக்குழந்தை கதவின் அடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். கதவு பாடும். அவன் பேசப் பழகியதே அந்தக் கதவிடமிருந்துதான். அந்தக் குரலுக்கு அவன் வைத்த பெயரும் ‘கதவு’தான்.

எப்போது முதன்முதலாக அதற்கு வேலை சொன்னார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. அது இயல்பாக வந்தது. அடுப்பில் பானையை வைத்துவிட்டு ஓடைக்குப் போகும்போது, பொங்கினால் கூப்பிடு என்று கெர்தா சொல்லிவிட்டுப் போனாள், பொங்கியபோது கதவு கூப்பிட்டது. கோழிகளைப் பார்த்துக்கொள் என்றாள், கீரி வந்தபோது கதவு கத்தியது. அப்புறம் பக்கத்து வயல்காரி வந்து, “கெர்தா, உன் கதவை மத்தியானம் வரைக்கும் என் சோளத்தையும் பார்த்துக்கச் சொல்லேன், இந்தக் கிளிகள் ஒரு கதிரை விடமாட்டேங்குது” என்றாள், அதைக் கேட்டு மறுபக்கத்து வயல்காரனும் வந்தான். கெர்தாவின் வீடு மேட்டில் இருக்கிறது, சுற்றிலும் வயல்கள் கீழே இறங்கிப் போகின்றன, அங்கிருந்து கத்தினால் எல்லாருடைய கதிருக்கும் கேட்கும். ஆகவே கதவு விடிந்ததிலிருந்து எல்லாருடைய பறவைகளையும் ஓட்டியது, எல்லாருடைய ஆடுகளையும் அதட்டியது, கூட்டு வேலை நாட்களில் எக்ஸிலுஸின் முரசுக்கு ஈடாகப் பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுத்தது, மண்வெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் இறங்கின. அந்த வருஷத்து விளைச்சல் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். குரல் சற்றுக் கரகரத்திருந்தது. பிள்ளை வளர்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பல நாட்களில், உச்சி வெயிலில், யாரும் கூப்பிடாமலே, யாரும் சொல்லாமலே, கதவு திடீரென்று பெரிதாகக் கத்தியது. ஒருமுறை, சில நாட்களில் இரண்டு மூன்று முறை. வயல்களிலிருந்து கிளிகள் மொத்தமாக எழுந்து பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறந்தன.

“பாரு, சொல்லாமலே வேலை செய்யுது” என்றாள் பக்கத்து வயல்காரி.

“என் பிள்ளைங்க சொன்னாலும் செய்யறதில்லை. இதுங்க ரெண்டையும் டவுனுக்கு அனுப்பிட்டு என் வீட்டுக் கதவையும் பேச வைக்கணும்” என்றான் ஃபனோர். எல்லாரும் சிரித்தார்கள். மாமரத்தடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த லூமேனும் சிரித்தாள்.

கெர்தா நகரத்துக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நினைத்திருந்தாள். துவரை அறுத்ததும் போகலாம் என்றிருந்தாள், அறுத்தாள், போகவில்லை. ஏன் போகவேண்டும்? காலையில் எழுந்ததும் மகளிடம் பேசுகிறாள், படுக்கும்போதும் பேசுகிறாள், இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்கிறாள், ஆமாம் அம்மா என்கிறது கதவு. சாப்பிட்டாயா என்று மட்டும் கெர்தா கேட்டதில்லை. கதவிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா?

லூமேன் அடுத்தமுறை நகரத்துக்குப் போனபோது, சந்தை முடிந்து, சோப்பு வாங்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றின் வழியாக வந்தாள். குழாயடியில் பிள்ளைகள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். வீட்டில் பெற்றவர்களுக்குத் தண்ணீர் பிடிக்க வந்த பிள்ளைகள் பேசிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள், கூட இருக்கிற பிள்ளைகள் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் யார் எந்த வகை என்று அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்தவர்கூடச் சொல்லிவிடலாம். அந்த வரிசையில், தன் இடுப்பளவு உயரமான மஞ்சள் வாளியோடு, விட்லீன் நின்றாள்.

லூமேன் கூடையை நடுத்தெருவில் இறக்கிவிட்டு ஓடினாள். “அடி என் கண்ணு! எவ்வளவு மெலிஞ்சுட்டே! உன் குரலை நாங்க தினமும் கேட்டுட்டுத்தான் இருக்கோம். நீ பாடற பாட்டுக்குத்தான் எக்ஸிலுஸ் முரசடிக்கிறாரு, தெரியுமா?”

விட்லீன் வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. ஒன்றும் வரவில்லை.

“அது ஊமைங்க” என்றாள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்தி. “மதாம் ஷெரோன் வீட்டு ஊமை. அடிச்சாக்கூடச் சத்தம் வராது.”

“அடிக்கிறாங்களா?”

“எங்களுக்கு எப்படித் தெரியும்? சத்தம் வந்தாத்தானே தெரியும்.” அந்தப் பெண் துணியைப் பிழிந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானா அந்தம்மாவுக்குக் கோபம் வரும், அது தெரியும். கையைத் திருப்பிப் பாருங்க. உள்பக்கம் இருக்கே, அது நேத்து மத்தியானத்துது. இஸ்திரிப் பெட்டின்னு நினைக்கிறேன்” என்றாள்.

லூமேன் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆறிப்போன தழும்பு ஒன்று இருந்தது, அதன் பக்கத்தில் ஆறாதது ஒன்று இருந்தது. நேற்று மத்தியானம் அவள் பெல்ரோஷில் மாமரத்தடியில் உட்கார்ந்து கூடை கட்டிக்கொண்டிருந்தாள். கதவு கத்தியது. கிளிகள் பறந்தன. பரவாயில்லையே, நன்றாக விரட்டுகிறாளே என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, விட்லீனோடு கூடவே, வாளிக் கைப்பிடியின் மறுபக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டு, மதாம் ஷெரோனின் இரும்புக் கேட்வரை போனாள். கேட்டுக்குப் பின்னால் வந்து நின்ற மதாம் கொடியவளைப்போல் இல்லை. மாவு படிந்த கையோடு, களைத்துப்போன, ஒரு சிறிய மனுஷியாக இருந்தாள். “இவ அம்மாதான் என்கிட்டே கொடுத்தாங்க. கேக்கறதுன்னா அம்மா வரட்டும், கூடைக்காரி எல்லாம் கேக்க வேண்டாம்” என்று சொல்லி, வாளியையும் பெண்ணையும் உள்ளே வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினாள்.

லூமேன் மலையேறி வந்த நாளில் கூட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், கெர்தா பெரிய பானையிலிருந்து சோளக்கூழும் அவரைப் பருப்பும் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். லூமேன் யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். குழாயடியைச் சொன்னாள், மஞ்சள் வாளியைச் சொன்னாள், திறந்த வாயைச் சொன்னாள், இஸ்திரிப் பெட்டியைச் சொன்னாள். “அங்கே அவளுக்கு வலிச்சா அங்கே கேக்கலை” என்றாள். “ஏன்னா சத்தம் அங்கே இல்லை.”

அவள் அதைச் சொல்லி முடித்தபோது மேட்டிலிருந்து கதவு கத்தியது.

வயல் முழுவதிலிருந்தும் கிளிகள் எழுந்து பறந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஃபனோர் வாயிலிருந்த உணவை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். கதவு இன்னொருமுறை கத்தியது, முதல்முறையைவிடக் கம்மலாக. கெர்தா அகப்பையைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடினாள், கதவை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள், நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று பலகையிடம் சொன்னாள். அங்கே இருக்கும் பெண்ணுக்கு இது எப்படிக் கேட்கும்?

ஊர் மேட்டுக்கு வந்து அவளைச் சுற்றி நின்றது.

“போய்க் கூட்டிட்டு வருவோம்” என்றார் எக்ஸிலுஸ்.

“அவ பேசமாட்டாளே” என்றாள் லூமேன். “அந்தம்மா சாமர்த்தியக்காரி. பொண்ணு இங்கே நல்லாத்தான் இருக்கா, வேணும்னா அவளையே கேளுங்கன்னு சொல்லுவா. அவ என்ன சொல்லுவா? வாயைத்தான் திறப்பா.”

“அப்போ கதவையும் தூக்கிட்டுப் போவோம்” என்றான் ஃபனோர்.

எல்லாரும் அவன் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உளி எடுக்க வீட்டுக்குப் போனான்.

கீல்களைக் கழற்றியபோது கதவு வலிப்பதாகச் சொல்லவில்லை, ஆனாலும் ஃபனோர் ஒவ்வோர் ஆணியையும், இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினான். கதவைச் சுற்றி ஒரு போர்வை கட்டினார்கள். நான்கு பேர் தோளில் எடுத்தார்கள். எக்ஸிலுஸ் முரசை மாட்டிக்கொண்டு, ஆனால் அடிக்காமல், எல்லாருக்கும் முன்னால் வேகமாக நடந்தார், ஏனென்றால் கதவைப் பார்த்தால் மதிப்புச் சொல்லத் தோன்றும், வழியில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு வாசலிலும் அவர் தொப்பியைக் கழற்றி, “பின்னாடி ஒரு கதவு வருது. தயவுசெய்து யாரும் கூப்பிடாதீங்க, அதுக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்று சொல்லிக்கொண்டே போனார். யாரும் கூப்பிடவில்லை. பாதையோரத்தில் எழுந்து நின்றார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், ஏன் எதற்கு என்று கேட்டவர்களுக்கு லூமேன் நடந்துகொண்டே பதில் சொன்னாள். கேட்டுவிட்டுச் சில பெண்கள் வீட்டுக்குள் போனார்கள், தலைத்துணியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள், பின்னால் சேர்ந்து நடந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நகரத்தில் யாருடனோ கூட இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கதவுகள் பேசியதில்லை. அல்லது பேசியிருக்கலாம், ஆளில்லாத வீட்டின்முன் நின்று யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

சாலைக்கு இறங்கியதும் ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்தினான். “ஆளுங்க ஏறலாம். கதவுக்குத் தனிக் கூலி” என்றான்.

“அது பேசும்” என்றான் ஃபனோர். “பேசறதெல்லாம் ஆளுதான்.”

“எங்கே, பேசச் சொல்லு பாப்போம்.”

“முடியாது” என்றான் ஃபனோர். இத்தனை நாளாக எவன் கேட்டாலும் கதவைப் பேசவைத்துக் காட்டியவன் அவன். “அது ஓய்வெடுக்குது.” லாரியை அனுப்பிவிட்டு நடந்தார்கள்.

மதாம் ஷெரோனின் தெருவுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது குழாயடியில் வரிசை நின்றது. கேட்டுக்கு எதிரே கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போர்வையை அவிழ்த்தார்கள். எக்ஸிலுஸ் கேட்டைப் பார்த்து “மதிப்பு!” என்று குரல் கொடுத்தார். உள்ளிருந்து யாரும் மரியாதை சொல்லவில்லை. மதாம் வெளியே வந்து, “என்ன கூட்டம் இது? இது என்ன சந்தையா?” என்றாள். தெருவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நகரமானாலும் அந்த முறை அவர்களுக்கும் தெரியும்.

“நான் அவ அம்மா. என் பொண்ணைக் கூட்டிப்போக வந்திருக்கேன்” என்றாள் கெர்தா. அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது.

“ஊமைப் பொண்ணை ஊமைன்னு சொல்லாமக் கொடுத்தவ நீதானா?” என்றாள் மதாம். “பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னா, வாயே திறக்காத பொண்ணை எவன் சேர்த்துப்பான்? நான் சோறு போட்டு வெச்சிருக்கேன். இப்போ வந்து கேட்டா? விட்லீன்! இங்கே வா.” பின்பக்கத்திலிருந்து விட்லீன் ஈரக் கையோடு வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். “அவ போறேன்னு சொல்லட்டும். அவ வாயால சொல்லட்டும். இந்த நிமிஷமே அனுப்பறேன்.”

லூமேன் கெர்தாவைப் பார்த்தாள். எக்ஸிலுஸ் கதவின்முன் போய் நின்று, தூங்குகிற பிள்ளையிடம் சொல்வதுபோல் மெதுவாக, “மதிப்பு” என்றார்.

“மரியாதை” என்றது கதவு. கரகரவென்று, ஒரு மூச்சு அளவுக்குத்தான் வந்தது. குழாயடியில் வாளிகள் நிரம்பி வழிந்தன, யாரும் எடுக்கவில்லை.

மதாம் ஷெரோன் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் சாமர்த்தியக்காரிதான். “கதவு சொல்லுது” என்றாள். “பொண்ணு சொல்லலையே. வேணும்னா கதவைக் கூட்டிட்டுப் போங்க.”

தெருவில் ஒருவன் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

“கதவை ஓரமா வைங்க” என்றாள் கெர்தா.

ஃபனோரும் மற்றவர்களும் கதவை மெல்லத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். இப்போது நடுவில் எதுவும் இல்லை. தெருவின் இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள். கெர்தா தன் வாழ்நாளில் எத்தனையோ வாசல்களில் நின்று கூப்பிட்டிருக்கிறாள், ஆனால் தன் வீட்டு வாசலில் நின்று யார் கூப்பிடுவார்கள், பெற்ற பிள்ளையிடம் யார் அந்தச் சொல்லைச் சொல்வார்கள்? உள்ளே நுழைவாள், தண்ணீர் எடு என்பாள், அடுப்பைப் பார் என்பாள், அவ்வளவுதான். பெல்ரோஷின் அத்தனை பேரும் அந்தக் கதவை மதிப்பு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் மட்டும் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

சுமை இறக்காமல் இருப்பதுதான் முறை. அவளிடம் இருந்த சுமை இடுப்பில் இருந்த குழந்தைதான். அவனை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மகளுடைய முகத்தைப் பார்த்து, “மதிப்பு” என்றாள்.

பதில் வரவில்லை. கெர்தா மறுபடி கூப்பிடவில்லை. முறைப்படி நின்றாள். அவளுக்குப் பின்னால் பெல்ரோஷ் நின்றது, இதற்குமுன் அந்தக் குரலுக்காக ஒருநாளும் காத்திருந்து பழகாத ஊர், வெயிலில் அசையாமல் நின்றது. விட்லீன் சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வெகுநாள் தண்ணீர் வராத குழாயில் முதலில் காற்று வருவதுபோல் காற்று வந்தது, கொஞ்சம் இருமல் வந்தது, அதற்குப் பிறகு,

“மரியாதை” என்று வந்தது.

கைக்குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினான். சுவரில் இருந்த கதவைப் பார்த்தான், எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தான், கையை நீட்டி அவளைக் காட்டி, “கதவு!” என்று கத்தினான். அப்போதுதான் கெர்தா அவனைக் கீழே விட்டாள்.

“நான் போறேன், மதாம்” என்றாள் விட்லீன். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்பவள்போல் ஒரு கணம் நின்றாள். மதாம் ஷெரோன் ஏதோ சொல்லத் தொடங்கினாள். தெருவில் எத்தனை பேர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டதும், கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். விட்லீன் தம்பியிடம் நடந்து போனாள்.

வழியில் சேர்ந்துகொண்ட பெண்கள் அப்போது குழாயடிக்குப் போனார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளின் முன்னால், ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் தேடி நின்று, மதிப்பு என்றாள். சிலர் உடனே பதில் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். ஒரு பையன் பதில் சொல்ல விருப்பமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவன் தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தியின் பிள்ளை அந்த வரிசையில் இல்லை. அவள் அடுத்த குழாயடிக்குப் போனாள், லூமேன் அவளோடு போனாள்.

பெல்ரோஷில் அந்தக் கதவு மறுபடி அதே வீட்டில் மாட்டப்பட்டது. ஆணிகள் வளைந்திருந்ததால் சரியாகச் சாத்தாது. அது பிறகு பேசவில்லை, அந்த வருஷம் கிளிகள் சோளத்தில் ஒரு பங்கைத் தின்றன, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வயல்காரி ஒரு கழியில் கிழிந்த சட்டையை மாட்டி நட்டுவைத்தாள். இப்போதெல்லாம் அங்கே ஒரு வீட்டில் அடுப்பெரிவது குறைந்தால், சேறு படாத காலணிகள் வருவதற்கு முன்பே எக்ஸிலுஸ் முரசோடு அந்த வாசலில் நிற்கிறார், அவருக்குப் பின்னால் மண்வெட்டிகளோடு ஊர் நிற்கிறது. பள்ளிக்கூடம் அடுத்த மலையில் இருக்கிறது. கூட்டு வேலையில் அதற்கு ஒரு பாதை வெட்டினார்கள், செங்குத்தான இடங்களில் பிள்ளைகளின் காலுக்கேற்றபடி சின்னச் சின்னப் படிகளாக வெட்டினார்கள், பெரியவர்கள் அதில் நடந்தால் தடுக்குகிறது.

திரும்பி வந்த புதிதில் விட்லீன் அதிகம் பேசவில்லை. யாரும் பேசச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் ஃபனோர் மண்வெட்டி இரவல் கேட்க வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. கெர்தா வயலில் இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே விட்லீனும் தம்பியும் தரையில் கூழாங்கற்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது, ஆனாலும் தெரியாதவன்போல் வாசலில் நேராக நின்று “மதிப்பு!” என்றான்.

பதில் இல்லை. ஃபனோர் காத்திருந்தான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூழாங்கல் கூழாங்கல்லில் மோதும் சத்தம் கேட்டது.

“இப்போ முடியாது, மாமா” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “விளையாடிட்டிருக்கோம்.”

ஃபனோர் தொப்பியைக் கழற்றி, கதவுக்குத் தலை வணங்கி, மழையில் இறங்கி நடந்தான். வழியில் இருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மதிப்புச் சொல்லி, மரியாதை வாங்கிக்கொண்டு, தனக்குக் கிடைத்த பதிலை ஒரு நல்ல சேதியைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனான்.